குரங்குக் குட்டியும் பூனைக் குட்டியும்

மதுரையைப் பட்டிமன்ற நகரம் என்று சொல்லிக்கொள்வதில் நமக்கெல்லாம் பெருமை உண்டு. சித்திரைப் பொருட்காட்சியிலும், கோயில் திருவிழாக்களிலும், நம் கல்லூரித் தமிழ் மன்றத்திலும் பேச்சுக்குப் பஞ்சமில்லை. ஆனால், எதிரணி சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கூறிவிட்டு மறுப்பவர் எத்தனை பேர்? சொல்லாத ஒன்றைச் சொன்னதாக வைத்துக்கொண்டு, அதை வெட்டிச் சாய்த்துக் கைதட்டல் வாங்குவதே வழக்கமாகிவிட்டது. அது வெற்றியே அன்று என்பது என் கருத்து.

வைணவத்தின் வடகலை, தென்கலை வழக்கை இதற்குச் சான்றாக எடுத்துக்கொள்கிறேன். நான் எந்தக் கலையையும் சேர்ந்தவன் அல்லன். உழவர் வீட்டுப் பிள்ளை, எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள். வெளியே நிற்பவனுக்கு இரு பக்கமும் தெரியும் என்ற துணிவில் எழுதுகிறேன்.

இறைவன் அருள் கிட்ட மனித முயற்சி வேண்டுமா, வேண்டாமா? தாயை இறுகப் பற்றும் குரங்குக் குட்டிபோல உயிர் இறைவனைப் பற்ற வேண்டும் என்பது வடகலை. தாய்ப்பூனை கவ்விச் செல்லும் குட்டிபோலச் சும்மா இருந்தாலே போதும் என்பது தென்கலை. ஊரில் இப்படித்தான் சொல்வார்கள். ஏறத்தாழ இதே கேள்விதான் ஐரோப்பாவில் கால்வின் வழியினரையும் அர்மீனியஸ் வழியினரையும் பிரித்தது. 1618-19இல் ஹாலந்தின் டோர்ட் நகரில் கூடிய திருச்சபை மன்றத்திற்கு அர்மீனியஸ் வழியினர் குற்றம் சாட்டப்பட்டவர்களாகவே வரவழைக்கப்பட்டனர். 1619 ஜனவரியில் வெளியேற்றவும் பட்டனர். அவர்கள் போன பிறகு அவர்கள் கொள்கை தவறென்று தீர்ப்பு! உண்மை யார் பக்கம் இருந்திருந்தாலும், எதிரி இல்லாத மன்றத்தில் கிடைத்த வெற்றிதானே அது?

நம் வழக்குக்கு வருவோம். “வடகலையார் தம் முயற்சியாலேயே வீடுபேறு பெறப் பார்க்கிறார்கள்” என்பது ஒரு குற்றச்சாட்டு. வேதாந்த தேசிகர் சொன்னது அதுவா? சரணாகதி ஒரு வியாஜம், அதாவது அருளுக்கு ஒரு சாக்கு மட்டுமே. காப்பவன் இறைவன்தான் என்பதே அவர் கொள்கை. “தென்கலையார் சோம்பலுக்கும் பாவத்துக்கும் இடங்கொடுக்கிறார்கள்” என்பது மறுபக்கத்துக் குற்றச்சாட்டு. பிள்ளை லோகாசாரியார் சொன்னதோ வேறு: வரும் அருளை விலக்காதிருப்பதே உயிரின் பங்கு, நற்செயல் கூலிக்காக அன்று, தொண்டாக. ஈன்ற கன்றின் அழுக்கைப் பசு விரும்பி நக்குவதுபோல் அடியாரின் குற்றத்தை இறைவன் விரும்பியே ஏற்பான் என்கிறது தென்கலை. குற்றத்தைப் பாராதிருப்பான், அவ்வளவே என்கிறது வடகலை. வாதிட வேண்டிய உண்மையான வேறுபாடு இதுதான். எங்கள் தொழுவத்தில் பசு கன்று ஈனும்போது பலமுறை உடனிருந்திருக்கிறேன். ‘மறுபடியும் அழுக்காகி வா’ என்று எந்தப் பசுவும் கன்றை நக்குவதில்லை!

விலங்கியல் மாணவன் என்ற முறையில் இன்னொன்றும் சொல்லலாம். அழகர் மலையில் தாவும் குரங்குகளைப் பாருங்கள். இளங்குட்டியைத் தாயும் ஒரு கையால் அணைத்துக்கொள்வதுண்டு. பூனைக் குட்டியோ, பிடரியைக் கவ்வியதும் உடலைத் தளர்த்திக் கால்களை மடக்கிக்கொள்கிறது. திமிறும் குட்டியைத் தூக்குவது எளிதன்று. உவமையைக்கூட நாம் முழுதாகப் பார்க்கவில்லை.

14ஆம் நூற்றாண்டில் தில்லிப் படை திருவரங்கத்தைத் தாக்கியபோது நம்பெருமாள் திருவுருவத்தைக் காத்துத் தெற்கே வந்த லோகாசாரியார், யானைமலையை அடுத்த கொடிக்குளத்தில் பரமபதித்தார் என்பது மரபு. நம்மவர்கள் சைக்கிளில் போய் வரக்கூடிய தூரந்தான்; போனவர்கள் எத்தனை பேரோ! அதே தாக்குதலில் சுருதப்பிரகாசிகை என்னும் உரைநூலின் ஏட்டைக் காப்பாற்றியவர் தேசிகர் என்றும் சொல்வர். ஒருவர் திருவுருவத்தைக் காத்தார், ஒருவர் ஏட்டைக் காத்தார். பின்வந்தவர்களோ காஞ்சிபுரம் கோயிலில் யார் ஓதுவது, எதை ஓதுவது என்று உயர்நீதிமன்றம் வரை சென்றார்கள்.

மாற்றாரை முறையாக மறுக்க நம்மிடம் வழி இல்லாமலா போயிற்று? 13ஆம் நூற்றாண்டு அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில், கடவுளே இல்லை என்னும் உலோகாயதனின் மதத்தை முதலில் தனியே எடுத்துரைக்கிறார். மறுதலை அதன் பிறகுதான், தனிப் பகுதியாக வருகிறது.

அடுத்த ஆண்டுத் தமிழ் மன்றப் போட்டியில் இதைச் செய்து பார்க்கலாம். ஒவ்வொரு பேச்சாளரும் முதல் இரண்டு நிமிடம் எதிரணியின் வாதத்தை எடுத்துரைக்க வேண்டும். “நீங்கள் சொன்னது இதுதானா?” என்று நடுவர் எதிரணியைக் கேட்க வேண்டும். “ஆம்” என்றால்தான் மறுப்பு. கைதட்டல் குறையும் என்கிறார்கள் விடுதி நண்பர்கள். குறையட்டுமே! கடிகாரத்தைப் பார்த்து மணியடிக்க நான் தயார்.