மரியாதைப் பன்மை தலைவனை உருவாக்குவதில்லை

‘நீங்கள்’, ‘வாங்க’ என்று மரியாதைப் பன்மை பழகிய தமிழ்த் தொழிலாளி, அதட்டும் அதிகாரியையே தலைவராக ஏற்பார் என்கிறது ஒரு வாதம். தாய்மொழியே தலைமையைப் பற்றிய புரிதலைத் தீர்மானிக்கிறதாம். ஓசூருக்கு இந்த வாதம் பொருந்தாது. 1980இல் அசோக் லேலண்ட் ஆலை வந்த இந்த எல்லை ஊரில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் புழங்குகின்றன. நான்கிலும் மரியாதை வடிவம் உண்டு. அப்படியானால், ஒரே ஆலையில் ஒரு மேற்பார்வையாளரை மதிக்கும் அதே ஆட்கள் இன்னொருவரை வெறுப்பது எதனால்?

விடை இலக்கணத்தில் இல்லை, நடத்தையில் இருக்கிறது. தமிழில் ‘நாம்’ கேட்பவரைச் சேர்க்கும்; ‘நாங்கள்’ விலக்கும். தெலுங்கிலும் ‘மனம்’, ‘மேமு’ என்ற பிரிவு உண்டு. இன்றைய கன்னடத்திலோ ‘நாவு’ ஒன்றுதான். அதற்காகக் கன்னடருக்குக் கூட்டுப் பொறுப்பு புரியாது என்போமா? ‘நாம முடிச்சிடலாம்’ என்று சொல்லிவிட்டு, பழுதான பாகத்துக்குத் தொழிலாளியை மட்டும் தண்டித்தால், அந்த ‘நாம’வை யார் நம்புவார்? தலைமை பற்றி 62 சமூகங்களில் நடந்த ‘குளோப்’ ஆய்வும் பண்பாட்டு வேறுபாடுகளைக் காட்டியதோடு, தலைவரிடம் நேர்மையும் நம்பகத்தன்மையும் எங்கும் போற்றப்படுவதைக் கண்டது.

மொழிக்குப் பங்கே இல்லையா என்று கேட்கலாம். உண்டு, ஆனால் வேறு இடத்தில். ஜார்க்கண்டிலிருந்து ஆலை வேலைக்கு வந்த ஒரு பெண்ணுக்கு இயந்திரத்தின் எச்சரிக்கைப் பலகை புரிகிறதா, அவர் தன் குறையைத் தன் மொழியில் சொல்ல முடிகிறதா என்பவையே கேள்விகள். அங்கே நிர்வாகம் செய்யத் தவறியதை, தொழிலாளியின் தாய்மொழி மீது சுமத்துவது அநியாயம்.