காளைக்கு மாலை, கன்றுக்குத் தீவனம்?

சித்திரைத் திருவிழாவைக் கண்ட மதுரை, சல்லிக்கட்டைக் கண்ட மதுரை, மாபெரும் மாநாடுகள் பல கண்ட மதுரை, 2025 டிசம்பர் 2ஆம் நாள் மாலை முன்பு கண்டிராத ஒரு காட்சியைக் கண்டது. ரேஸ்கோர்ஸ் திடலில் புதிதாக எழுந்த பன்னாட்டு ஹாக்கி அரங்கில் இந்திய நாட்டு இளைஞர்கள் ஒருபுறம், சுவிட்சர்லாந்து நாட்டு இளைஞர்கள் மறுபுறம். நீலநிறத் தளத்தில் பந்து பறந்தது. இந்தியா 5 கோல் போட்டது. எதிரணி ஒன்றும் போடவில்லை. ஆட்டம் பார்க்கக் காசு கேட்கவில்லை. கதவு திறந்திருந்தது; காளையர் கூட்டம் நிறைந்திருந்தது.

உலகக் கோப்பை என்றால் டில்லிக்கும் மும்பைக்கும் சொந்தமான சொத்து என்று எண்ணியிருந்த நமக்கு, வைகைக் கரையிலேயே உலகக் கோப்பை ஆட்டம்! 21 வயதுக்கு உட்பட்டோருக்கான ஆடவர் ஹாக்கி உலகக் கோப்பை, நவம்பர் 28 தொடங்கி டிசம்பர் 10 வரை, சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. முதன்முறையாக 24 நாடுகள். போட்டியின் சின்னமாக நின்றது நம் கொங்குச் சீமையின் காளை, பெயர் காங்கேயன். எங்கோ பிறந்த கரடியையும் கழுகையும் சின்னமாக வைக்காமல், நம் தொழுவத்துக் காளையை உலகின் முன்னால் நிறுத்திய நேர்த்தியைப் பாராட்டுகிறோம். நடத்தியவர்களை வாழ்த்துகிறோம். வாயார வாழ்த்திவிட்டுத்தான் கேட்கிறோம்: காளைக்கு மாலை போட்டாயிற்று, கன்றுக்குத் தீவனம் எங்கே?

கேள்வியின் பொருள் விளங்க, போட்டியின் முடிவைச் சற்றே நினைவுபடுத்திக் கொள்வோம். சிலியை 7 கோல், ஓமனை 17 கோல், சுவிட்சர்லாந்தை 5 கோல் என்று வென்று வந்த இந்திய அணி, காலிறுதியில் பெல்ஜியத்தோடு 2–2 என்று சமன் செய்து, அடுத்து நடந்த ஷூட்-அவுட்டில் தப்பிப் பிழைத்தது. அரையிறுதியில் செர்மனி 5–1 என்று சாய்த்தது. மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்திலோ, அர்செண்டினாவுக்கு எதிராக 0–2 என்று பின்தங்கிக் கிடந்த அணி, கடைசிக் கால்பகுதியில் 4 கோல்களை அடுக்கடுக்காகப் போட்டு வெண்கலத்தைப் பறித்தது. தோல்வியின் வாயிலில் நின்று வெற்றியின் கதவை உடைத்த அந்தப் பிள்ளைகளை யார்தான் பாராட்டாமலிருக்க முடியும்? கோப்பை, இறுதியாட்டத்தில் ஸ்பெயினை ஷூட்-அவுட்டில் வென்ற செர்மனிக்குச் சென்றது.

இனி, அந்த அணியின் 18 பெயர்களை எடுத்துப் படித்துப் பாருங்கள். பஞ்சாபு உண்டு. உத்தரப் பிரதேசம் உண்டு. ஒடிசா உண்டு. மூலையிலே கிடக்கும் மணிப்பூர் உண்டு. பக்கத்து வீடான கருநாடகமும் உண்டு. பயிற்சியாளராக நின்றவர் கேரளத்தின் ஸ்ரீஜேஷ். திடல் தந்த தமிழ்நாடு? பந்தல் போட்டு, பாய் விரித்து, பன்னீர் தெளித்து வரவேற்ற தமிழ்நாடு? ஒரு பெயர் இல்லை! கல்யாணம் நம் வீட்டில். மாப்பிள்ளையும் நம்மவரில்லை, தோழனும் நம்மவரில்லை!

“வஞ்சித்துவிட்டார்கள்!” என்று முழங்க நமக்குத் தெரியாதா? தெரியும். மேடையேறி ஒரு மணி நேரம் முழங்கலாம், கைதட்டலும் கிடைக்கும். ஆனால் கைதட்டல் கோல் போடாது. வஞ்சனை நடக்கும்போது அதைச் சொல்லத் தயங்காதவர்கள் நாம். அதனால்தான், நம் குறைக்கு வஞ்சனை என்று பெயர் சூட்டவும் மறுக்கிறோம். குறை வேறிடத்தில் இருக்கிறது. அது காலடியில் இருக்கிறது. ஆம், மண்ணில் இருக்கிறது.

தமிழனுக்கு ஹாக்கி தெரியாதா? 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அணியில் பீட்டர் இருந்தார். அவர் தம்பி பிலிப்ஸ் 1975இல் உலகக் கோப்பை வென்ற அணியில் இருந்தார். கிருஷ்ணமூர்த்தி பெருமாள் 1968இலும் 1972இலும் ஒலிம்பிக் பதக்கம் கொண்டுவந்தார். 1980இல் மாஸ்கோவில் இந்தியா தங்கம் வாங்கியபோது அணியின் தலைவர் யார்? நம் பாஸ்கரன்! குலம் இருக்கிறது, கொடி இருக்கிறது. வேருக்கு நீர் போன வழிதான் அடைபட்டது.

அடைபட்ட ஆண்டையும் சொல்கிறோம்: 1976. அந்த ஆண்டு மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் புல்லைத் தள்ளிவிட்டுச் செயற்கைத் தளத்தை விரித்தார்கள். 1928 முதல் எந்த ஒலிம்பிக்கிலும் வெறுங்கையோடு திரும்பாத இந்திய ஹாக்கி, முதன்முறையாகப் பதக்கமின்றி ஏழாம் இடத்தில் நின்றது. ஏன்? புல்தரையில் பந்து தயங்கும், துள்ளும், திரும்பும். அங்கே மணிக்கட்டின் நுட்பம் ஆட்சி செய்யும். செயற்கைத் தளத்தில் பந்து வழுக்கிக்கொண்டு நேரே பாயும். அங்கே ஓட்டமும் வேகமும் ஆட்சி செய்யும். பெயர் ஒன்று, ஆட்டம் இரண்டு. மண்ணில் ஆடக் கற்ற பையன், 15 வயதில் முதன்முதலாகச் செயற்கைத் தளத்தில் கால் வைக்கும்போது, கற்றதில் பாதியை மறந்துவிட்டுப் புதிதாகக் கற்க வேண்டும். அவன் மறந்து கற்கும் இரண்டாண்டில், ஏழு வயதிலிருந்தே அத்தளத்தில் ஆடிய பையன் அணிக்குள் போய் அமர்ந்துவிடுகிறான். இதுதான் கதை. இதில் சூழ்ச்சி இல்லை. இருப்பவன் இல்லாதவன் என்ற பழைய வேறுபாடு புதுச் சட்டை போட்டு வந்திருக்கிறது, அவ்வளவே.

இதை மறுப்பவர்கள் கோவில்பட்டிக்குப் போய்ப் பார்க்கட்டும். அந்த ஊருக்கு “ஹாக்கிப்பட்டி” என்றே ஒரு பெயருண்டு. அங்கே அகில இந்தியப் போட்டி நடக்கிறது. அரசின் பயிற்சி விடுதி இருக்கிறது. செயற்கைத் தளம் இருக்கிறது. பலன் என்ன? கோவில்பட்டி மாரீஸ்வரனும், அரியலூரில் பிறந்து கோவில்பட்டியில் பயின்ற கார்த்தியும் 2022 ஆசியக் கோப்பைப் போட்டிக்கு ஜகார்த்தா போனார்கள். எளிய குடும்பத்துப் பிள்ளைகள். பாகிஸ்தானுக்கு எதிரான ஆட்டத்தில் இந்தியாவின் கோலைப் போட்டவர் கார்த்தி! தளம் போட்ட இடத்தில் தமிழன் கோல் போட்டான். இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

ஒடிசாவின் சுந்தர்கர் மாவட்டத்தைப் பாருங்கள். ஆதிக்குடி மக்கள் வாழும் காட்டுச் சீமை. மூங்கிலை வெட்டி மட்டையாக்கி ஆடினார்கள். ஊர்ப் போட்டியில் வெல்லும் அணிக்குப் பரிசு ஓர் ஆட்டுக்கிடாய்! அந்தக் கிடாய்ப் போட்டியிலிருந்துதான் திலீப் திர்க்கி போன்ற இந்தியத் தலைவர்கள் வந்தார்கள். ஆனால் ஆர்வம் மட்டும் போதும் என்று அந்த மாநில அரசு இருந்துவிடவில்லை. 2018 முதல் இந்திய அணிகளுக்கே புரவலராக நின்றது. சுந்தர்கரின் 17 ஒன்றியங்களிலும் தளம் அமைக்கும் திட்டத்தை எடுத்தது. அர்செண்டினாவுக்கு எதிரான நான்காவது கோலைப் போட்ட அன்மோல் எக்கா அந்தச் சீமைக்காரர்தான்.

உலகின் மறுகோடியைப் பாருங்கள். அங்கேயும் ஹாக்கி உண்டு. ஆனால் பனிக்கட்டித் தரையில், காலில் சறுக்குக் கத்தி கட்டி ஆடும் ஐஸ் ஹாக்கி. ஆண்டுதோறும் கிறிஸ்துமசுக்கு மறுநாள் 20 வயதுக்குட்பட்டோரின் உலகப் போட்டி தொடங்கிவிட்டால், கனடா நாட்டு வீடுகளில் தொலைக்காட்சிக்கு முன்னால் குடும்பமே அமர்ந்துவிடும். அந்த நாட்டுப் பையன்கள் எப்படிக் கற்றார்கள்? குளிர்காலம் வந்ததும் தகப்பன் கொல்லையிலே தண்ணீரை ஊற்றுவான். விடிந்தால் அது ஆடுகளம்! நம் இந்தியாவிலேயே லடாக்கில் உறைந்த குளங்களில்தான் பிள்ளைகள் ஆடக் கற்றார்கள். இந்தியப் பெண்கள் அணி 2025 ஆசியக் கோப்பையில் வெண்கலமும் பெற்றது. அங்கெல்லாம் ஆடுகளத்தை இயற்கை இனாமாகப் போட்டுக் கொடுக்கிறது. நம் திருவில்லிபுத்தூரில் மார்கழி எவ்வளவுதான் குளிர்ந்தாலும் திருமுக்குளம் உறையுமா? இங்கே மார்கழி போடாது. மக்கள் ஆட்சிதான் போடவேண்டும்!

திருவில்லிபுத்தூர் என்றதும் நம் வீட்டுக் கணக்குக்கு வருகிறோம். இராசபாளையம் நூற்பாலை நகரம். பக்கத்துச் சத்திரப்பட்டி, நாடெங்கும் மருத்துவமனைகளில் காயத்துக்குக் கட்டும் துணியை நெய்யும் ஊர். திருவில்லிபுத்தூரின் கோபுரம் தமிழ்நாட்டு அரசின் முத்திரையிலேயே நிற்கிறது. அதன் பால்கோவா ஊர் ஊராய் இனிக்கிறது. நூல் கொடுத்தோம், துணி கொடுத்தோம், முத்திரை கொடுத்தோம், இனிப்புக் கொடுத்தோம். விளையாட்டு வீரனைக் கொடுக்க மட்டும் நமக்கு வக்கில்லையா?

மதுரை ஆட்டத்தைப் பார்த்துவிட்டு இராசபாளையம் பேருந்தில் திரும்பும் ஆறாம் வகுப்புப் பையனை நினைத்துப் பாருங்கள். கண்ணில் இன்னும் அந்த நீலத்தளம். திருமங்கலம் தாண்டி, கிருஷ்ணன்கோவில் தாண்டி, ஊர் நெருங்குகிறது. “அப்பா, நான் எங்கே போய்க் கத்துக்கிறது?” என்று கேட்டால், பஞ்சாலையில் இரவுமுறை பார்க்கும் தகப்பன் என்ன சொல்வான்? மதுரைக்குப் போ என்பானா? ஏறக்குறைய 80 கிலோமீட்டர்! நாடோறும் போய்வர முடியுமா? கோவில்பட்டிக்குப் போ என்பானா? மட்டை வாங்கித் தருகிறேன் என்பானா? முன்பு மல்பெரி மரத்தில் செய்த மட்டை, இப்போது கார்பன் இழையில் செய்கிறார்கள். நல்ல மட்டை ஒன்றின் விலை அவனுக்குப் பல நாள் கூலி. “படிப்பைப் பார்” என்பான். பையன் வாய் மூடுவான். அன்றிரவு ஒரு பாஸ்கரனை நாம் தூங்க வைத்துவிட்டோம்.

நாம் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. 91 மீட்டர் நீளமும் 55 மீட்டர் அகலமும் கொண்ட முழுக்களம் இன்றே வேண்டும் என்று அடம்பிடிக்கவில்லை. ஐவர் ஆடும் சிறுகள ஹாக்கியைப் பன்னாட்டுக் கழகமே நடத்துகிறது. அதன் களம் முழுக்களத்தில் பாதிகூட இல்லை. இராசபாளையத்துக்கும் திருவில்லிபுத்தூருக்கும் இடையே ஏறக்குறைய 12 கிலோமீட்டர்தான். இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் மிதிவண்டியிலேயே வந்து சேரும்படி நடுவில் அப்படியொரு சிறுதளம். அதற்கு ஒரு பயிற்சியாளர். ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு, ஆணுக்கும் பெண்ணுக்கும், இரவலாகவேனும் மட்டை. மாதம் ஒருமுறை கோவில்பட்டித் தளத்தில் ஆடிவர ஒரு பேருந்து. இவ்வளவே!

“பணம்?” என்பார்கள். 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் என்ன சொல்கிறது? குறிப்பிட்ட அளவுக்கு மேல் இலாபம் ஈட்டும் நிறுவனங்கள், முந்தைய மூன்றாண்டுச் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமுதாயப் பணிக்குச் செலவிட வேண்டும். விளையாட்டுப் பயிற்சியும் அந்தப் பணிகளின் பட்டியலில் இருக்கிறது. ஆலைகள் சூழ்ந்த ஊரில் இதை யாரும் பிச்சை என்று எண்ண வேண்டாம். அரசு பாதி, ஆலை பாதி என்று அமர்ந்து பேசினால் போதும்.

“குடிக்கவே தண்ணீர் தேடும் மாவட்டத்தில், தளத்தை நனைக்கத் தண்ணீரா?” என்பார்கள். நியாயமான கேள்வி, தட்டிக் கழிக்க மாட்டோம். பெரும் போட்டிக்கான தளம் நீர் குடிக்கும் தளம், உண்மை. ஆனால் பிள்ளைகள் பழக அதுதான் வேண்டுமென்பதில்லை. மணல் பரப்பிய தளம் உண்டு. அதை ஆட்டத்துக்கு ஆட்டம் நனைக்கத் தேவையில்லை. உலக ஹாக்கிக் கழகமே நீரில்லாத் தளத்தை நோக்கி நடக்கிறது. தண்ணீர்ப் பஞ்சத்தைக் காட்டித் தளத்தை மறுப்பவர், முதலில் தளத்தின் வகையைக் கேட்டறியட்டும்.

“கிரிக்கெட்தான் இருக்கிறதே!” என்பாரும் உளர். இருக்கட்டும். அதை எடுக்கச் சொல்லவில்லை. இதையும் கொடுக்கச் சொல்கிறோம். தமிழ்நாட்டில் அரசு வேலையில் விளையாட்டு வீரருக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது. ஒதுக்கீடு என்பது வாசல். அந்த வாசலுக்கு வரும் வழிதான் தளம். வழியில்லா வாசல் யாருக்குப் பயன்? பள்ளிக்கூடத்தின் பெஞ்சு எல்லோருக்கும் பொது என்று போராடிப் பெற்ற நாடு இது. பெஞ்சு பொதுவானதால் மருத்துவர் வந்தார், பொறியாளர் வந்தார், ஆட்சித் தலைவர் வந்தார். ஆடுகளமும் பொதுவாகட்டும், ஆட்டக்காரன் வருவான்.

வந்த 24 நாட்டவரும் விருந்துண்டு, விடைபெற்று, விமானம் ஏறிவிட்டார்கள். தோரணங்களை அவிழ்த்தாகிவிட்டது. காங்கேயனின் படமும் சுவரில் மங்கிக்கொண்டிருக்கும். மங்காமல் இருப்பது, பேருந்தில் திரும்பிய பையனின் கண்ணில் பட்ட நீலம் ஒன்றுதான். அது மங்குமுன் அவன் காலடியில் தளத்தை விரிப்பீர்! அடுத்தமுறை உலகக் கோப்பை நம் நாட்டுக்கு வரும்போது, 18 பெயர்களில் ஒரு பெயரின் பக்கத்தில் இராசபாளையம் என்றோ, திருவில்லிபுத்தூர் என்றோ எழுதியிருக்கட்டும். அன்று மாலை போடுவோம், காளைக்கல்ல. கன்றாய் இருந்து காளையாய் வளர்ந்தவனுக்கு!