ஸ்கைப்பின் மணி ஏன் நின்றது?

மக்களே! எங்கள் மயிலாடிப் பக்கம் பிள்ளைகளை இப்படித்தான் கூப்பிடுவோம்.

ஒரு கேள்வி. வெளிநாட்டில் இருக்கும் மாமாவிடமோ சித்தப்பாவிடமோ நீங்கள் எப்படிப் பேசுகிறீர்கள்? செல்போனை எடுத்து ஒரு தட்டு தட்டினால் போதும், முகமும் தெரிகிறது, குரலும் கேட்கிறது. இந்தப் பழக்கத்தை உலகெங்கும் வீடுவீடாகக் கொண்டு சேர்த்தது ஸ்கைப் என்ற சேவை. 2025 மே 5-ம் தேதி அது மூடப்பட்டது. கோடிக்கணக்கானோர் பயன்படுத்திய சேவைக்கு ஏன் இந்தக் கதி? வாருங்கள், பார்ப்போம்.

மீட்டர் ஓடிய காலம்

நான் பள்ளியில் வேலை பார்த்த காலத்தில், வெளிநாட்டுக்குப் பேச ஐ.எஸ்.டி. பூத்துக்குத்தான் போக வேண்டும். கண்ணாடிக் கதவு, உள்ளே ஒரு போன், எதிரே சிவப்பு எண்களில் ஓடும் மீட்டர்.

மயிலாடி கல் சிற்பத்துக்குப் பேர் போன ஊர். எங்கள் தெருவில் ஒரு சிற்பியின் வீடு. அவர் மகன் சிங்கப்பூரில் வேலை பார்த்தான். அவன் அம்மா, கேட்க வேண்டியதை எல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு பூத்துக்குப் போவார். மீட்டர் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்துப் பயந்து, பாதியிலேயே, “வைக்கட்டா மக்களே” என்று சொல்லிவிடுவார்.

ஏன் அவ்வளவு கட்டணம்? நம் நாட்டிலிருந்து வெளிநாட்டு அழைப்புகளைக் கொண்டு செல்லும் உரிமை 2002 மார்ச் வரை வி.எஸ்.என்.எல். என்ற ஒரே நிறுவனத்திடம் இருந்தது. போட்டி இல்லாத இடத்தில் விலை எப்படிக் குறையும்? 2002 ஏப்ரல் 1 முதல் இணையம் வழியாகப் பேசவும் அரசு அனுமதி தந்தது.

கை கொடுத்த கணினிகள்

அடுத்த ஆண்டே, 2003 ஆகஸ்டில், ஸ்கைப் பிறந்தது. தொடங்கியவர்கள் சுவீடனைச் சேர்ந்த நிக்லாஸ் சென்ஸ்ட்ரோம், டென்மார்க்கைச் சேர்ந்த யானுஸ் ஃபிரீஸ். மென்பொருளை எழுதியவர்கள் எஸ்டோனியா நாட்டு இளைஞர்கள். அந்த நாட்டின் மக்கள்தொகை நம் கன்னியாகுமரி மாவட்டத்தை விடக் குறைவு! நாடு சின்னது என்றால் மூளையும் சின்னதா என்ன?

அது எப்படி வேலை செய்தது? நீங்கள் பேசுவதைக் கணினி எண்களாக மாற்றும். சின்னச் சின்னப் பொட்டலங்களாகக் கட்டி இணையத்தில் அனுப்பும். மறுமுனைக் கணினி அவற்றை வரிசையாகச் சேர்த்து மீண்டும் குரலாக்கும். இந்த வேலைக்குப் பெரிய தொலைபேசி நிலையம் எதையும் ஸ்கைப் கட்டவில்லை. உறுப்பினர்களின் கணினிகளே ஒன்றுக்கொன்று உதவின. கல்யாண வீட்டில் முந்தின நாள் ராத்திரி ஊரே கூடிக் காய் வெட்டுவதில்லையா? அதுபோலத்தான். செலவு குறைந்ததால், ஸ்கைப்பிலிருந்து ஸ்கைப்புக்குப் பேசுவது இலவசம். சாதாரணப் போனுக்குப் பேசினால் மட்டும் கட்டணம்.

2006-ல் முகமும் தெரிய ஆரம்பித்தது. நான் சொன்ன அந்த அம்மாவின் வீட்டுக்கும் பின்னால் ஒரு கணினி வந்தது. தாளும் இல்லை, மீட்டரும் இல்லை. அம்மா அடுக்களை வேலையைப் பார்ப்பார். கணினி திறந்தே இருக்கும். முற்றத்தில் அப்பா கல் கொத்தும் உளிச் சத்தத்தை மகன் சிங்கப்பூரில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பான்.

எங்கே சறுக்கியது?

2005-ல் இபே நிறுவனம் 260 கோடி டாலருக்கு ஸ்கைப்பை வாங்கியது. இணையத்தில் பொருள் விற்பவரும் வாங்குபவரும் பேசிக்கொள்வார்கள் என்று நினைத்தது. அவர்களுக்கோ அது தேவைப்படவில்லை. 2009-ல் பெரும்பங்கை விற்றுவிட்டது. 2011-ல் மைக்ரோசாஃப்ட் 850 கோடி டாலர் கொடுத்து வாங்கியது.

அதற்குள் காலம் மாறிவிட்டது. மேசைக் கணினியின் வேலைகள் சட்டைப்பைக்கு வந்துவிட்டன. ஸ்கைப்புக்குத் தனிப் பெயர் வேண்டும், கடவுச்சொல் வேண்டும். வாட்ஸ்ஆப்புக்குப் போன் எண்ணே போதும். அதில் 2015-ல் குரல் அழைப்பும் 2016-ல் வீடியோ அழைப்பும் வந்தன. ஸ்கைப் 2017-ல் தன் தோற்றத்தை மாற்றியது. பழகியவர்களே முகம் சுளித்தார்கள். அதே ஆண்டில் மைக்ரோசாஃப்ட் ‘டீம்ஸ்’ என்ற இன்னொரு சேவையைத் தொடங்கி, கவனத்தை அங்கே திருப்பியது.

2020-ல் கொரோனா வந்தது. உலகமே வீட்டுக்குள் இருந்து பேசியது. ஸ்கைப்புக்குக் கிடைத்த பொன்னான வாய்ப்பு அது! ஆனால் உங்கள் அண்ணனும் அக்காவும் எதில் பாடம் படித்தார்கள்? ஜூமிலும் கூகுள் மீட்டிலும்தானே!

சந்தையின் பாடம்

நாகர்கோவில் வடசேரி சந்தையை நினைத்துக்கொள்ளுங்கள். வாங்குபவர் கூடுவதால் விற்பவர் வருகிறார். விற்பவர் இருப்பதால் வாங்குபவர் வருகிறார். ஒரு தரப்பு வேறு இடம் போனால் மற்றதும் பின்னால் போகும். பேசும் சேவையும் அப்படியே. அதன் பலம் கருவியில் மட்டும் இல்லை, அதில் இருக்கும் நம் மனிதர்களிடம் இருக்கிறது.

தமிழகத்தில் இருந்து செயல்படும் ஸோஹோ நிறுவனம் 2021-ல் ‘அரட்டை’ என்ற செயலியை வெளியிட்டது. 2025 செப்டம்பரில் திடீரென்று லட்சக்கணக்கானோர் அதில் சேர்ந்தார்கள். சேர்வது எளிது. நம் வீட்டாரும் நண்பர்களும் அங்கே இருந்தால்தானே தங்குவோம்? அதற்கும் இதே சோதனைதான்.

ஸ்கைப் மூடும் செய்தி வந்தபோது அந்த அம்மா என்னிடம், “சாரே, இனி அவன எதுல கூப்பிட?” என்று கேட்டார். பேரன் வாட்ஸ்ஆப்பில் போட்டுக் கொடுத்தான். ஸ்கைப்பில் இருந்த பழைய செய்திகளையும் படங்களையும் இறக்கி வைத்தான். அதற்கு மைக்ரோசாஃப்ட் 2026 ஜனவரி வரை அவகாசம் தந்திருந்தது. அவன் கவனிக்காமல் இருந்திருந்தால்?

எனவே மக்களே, இந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு வேலை செய்யுங்கள். உங்கள் வீட்டின் முக்கியமான படங்களுக்கு இன்னொரு பிரதி எடுத்து வையுங்கள். சொந்தக்காரர்களின் போன் எண்களை ஒரு நோட்டில் எழுதி, தாத்தா பாட்டியின் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். எந்தச் சேவை மூடினாலும் அந்த நோட்டு இருக்கும்.