43 வெற்றியாளர்கள், 43 ஆண்கள்

இந்த வாரம் ஒரு சின்னப் புதிரோடு தொடங்கலாமா?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான முதல் பிரிவு மகளிர் கைப்பந்துப் போட்டியை, என்சிஏஏ எனும் கல்லூரி விளையாட்டுச் சங்கம் 1981ஆம் ஆண்டில் நடத்தத் தொடங்கியது. 2023 வரை 43 பருவங்கள். களத்தில் ஆடியவர்கள் அத்தனை பேரும் பெண்கள். கோப்பையைத் தூக்கிய 43 அணிகளில் எத்தனைக்குப் பெண் ஒருவர் தலைமைப் பயிற்றுநராக இருந்தார்?

பத்து? ஐந்து? ஒன்றாவது?

ஒன்றுகூட இல்லை.

வானொலியில் விளையாட்டுச் செய்தி வாசிக்கும்போது எங்களுக்குக் கிடைப்பது சில விநாடிகள்தான். யார் வென்றார், எத்தனை செட், அடுத்து வானிலை. பெஞ்சில் யார் உட்கார்ந்திருந்தார் என்று சொல்ல நேரம் இருக்காது. இங்கே கொஞ்சம் தாராளமாகவே இடம் இருக்கிறது. அதனால் ஓர் அணியின் கதையைச் சொல்கிறேன்.

பென்சில்வேனியா மாநிலத்தில் இருக்கும் பென் ஸ்டேட் பல்கலைக்கழகம். அங்கே மகளிர் கைப்பந்து அணி 1976இல் உருவானது. 1979இல் ரஸ் ரோஸ் என்ற இளைஞர் பயிற்றுநராக வந்தார். புள்ளிவிவரக்காரர். ஆட்டம் சூடு பிடிக்கும் நேரத்திலும் பெஞ்சில் அமர்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருப்பார்.

அவருக்கு முதல் தேசியக் கோப்பை எப்போது கிடைத்தது தெரியுமா? 1999இல். பொறுப்பேற்று இருபது ஆண்டுகள் கழித்து! இடையில் 1993, 1997, 1998 என மூன்று முறை இறுதியாட்டம் வரை போய்த் தோற்றது அணி. நிர்வாகம் அவரை மாற்றவில்லை. காத்திருந்தது.

காத்திருந்ததற்குப் பலன் கொட்டியது. 2007 முதல் 2010 வரை தொடர்ந்து நான்கு கோப்பைகள். அந்தக் காலத்தில் அடுத்தடுத்து 109 ஆட்டங்களில் தோல்வியே இல்லை. 2008இல் ஆடிய 38 ஆட்டங்களிலும் வெற்றி; பருவம் முழுவதும் இழந்தது இரண்டே இரண்டு செட். பிறகு 2013, 2014இலும் கோப்பை. டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அமெரிக்க மகளிர் அணியில் இருந்த ஹேலி வாஷிங்டனும் மைக்கா ஹேன்காக்கும் இங்கே வளர்ந்தவர்கள்தான். 2021 பருவத்தோடு ரோஸ் ஓய்வு பெற்றபோது அவர் கணக்கில் 1,330 வெற்றிகள், ஏழு கோப்பைகள்.

பெரிய சாதனை. அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் ஒரு கேள்வி என்னை விடவில்லை: இருபது ஆண்டுப் பொறுமை ஒரு பெண் பயிற்றுநருக்குக் கிடைத்திருக்குமா?

இங்கே கொஞ்சம் பின்னால் போகவேண்டும். கல்வியில் ஆண், பெண் பாகுபாடு கூடாது என்று அமெரிக்கா 1972இல் சட்டம் போட்டது. 'டைட்டில் நைன்' என்பார்கள். அப்போது கல்லூரி மகளிர் அணிகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் பெண்களே பயிற்சி கொடுத்தார்கள். பலர் உடற்கல்வி ஆசிரியைகள். பயிற்றுநர் வேலைக்குச் சம்பளம் சொற்பம் அல்லது சம்பளமே இல்லை. சட்டம் வந்த பிறகு மகளிர் விளையாட்டுக்குப் பணம் வந்தது. பணம் வந்ததும் அந்த வேலைக்கு மதிப்பு வந்தது. மதிப்பு வந்ததும் ஆண்கள் விண்ணப்பிக்கத் தொடங்கினார்கள். ஆண்கள் துறையும் பெண்கள் துறையும் ஒன்றாக்கப்பட்ட இடங்களில் தலைமை நாற்காலி பெரும்பாலும் ஆண்களுக்கே போனது. காலப்போக்கில், பெண்கள் பயிற்றுவிக்கும் மகளிர் அணிகள் பாதிக்கும் கீழே குறைந்துவிட்டன.

ஆடும் வாய்ப்பு பெருகியது. ஆட்டுவிக்கும் வாய்ப்பு சுருங்கியது. ஒரே சட்டத்தின் இரண்டு பக்கங்கள்.

ரோஸுக்குப் பிறகு பென் ஸ்டேட் யாரைத் தேர்ந்தெடுத்தது? கேட்டி ஷூமாக்கர்-காலி. 1999இல் முதல் கோப்பை வென்ற அணியில் ஆடியவர். வேறு பல்கலைக்கழகங்களில் தலைமைப் பயிற்றுநராக இருந்தவர். பிறகு ரோஸுக்கே துணையாகப் பணியாற்றியவர். மூன்று பெண் பிள்ளைகளின் தாய். 2022இல் பொறுப்பேற்றார்.

2024 பருவம் தொடங்கிய சில வாரங்களில் அவருக்கு மார்பகப் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. மறைக்கவில்லை, வெளியே சொன்னார். கீமோதெரபி ஒரு பக்கம், பயிற்சி மறுபக்கம். முடி கொட்டியது. பெஞ்சை விட்டு அவர் எழுந்து போகவில்லை.

அந்த டிசம்பரில், அரையிறுதியில் நெப்ராஸ்காவிடம் முதல் இரண்டு செட்டையும் பறிகொடுத்தது அணி. இன்னொரு செட் போனால் மூட்டை கட்டவேண்டியதுதான். அடுத்த மூன்றையும் வென்றார்கள்!

இறுதியாட்டத்தில் எதிரணி லூயிவில். அதன் பயிற்றுநர் டேனி பஸ்பூம் கெல்லியும் பெண். ஆக, முதல் சர்வீஸ் போடுவதற்கு முன்பே ஒன்று உறுதியாகிவிட்டது: யார் வென்றாலும், 43 ஆண்டுப் பழக்கம் அன்று முடிவுக்கு வரும். லூயிவில் தன் சொந்த ஊர் ரசிகர்கள் முன்னால் ஆடியது. பென் ஸ்டேட் 3-1 என்று வென்றது. எட்டாவது கோப்பை. ஒரு பெண் பயிற்றுநர் வென்ற முதல் கோப்பை.

நோயோடு போராடி வென்றார் என்பதைத்தான் உலகம் அதிகம் பேசியது. நெகிழவைக்கும் கதைதான். ஆனால் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, ஒரே இறுதியாட்டத்தில் இரண்டு பெஞ்சிலும் பெண்கள் இருந்தார்கள் என்பது. ஒருவரை விதிவிலக்கு என்று சொல்லிவிடலாம். இருவரை அப்படிச் சொல்ல முடியாது. தோற்ற பஸ்பூம் கெல்லியைத்தான் அடுத்த மாதமே நெப்ராஸ்கா தன் தலைமைப் பயிற்றுநராக அழைத்துக்கொண்டது. மகளிர் கைப்பந்தில் பலரும் கனவு காணும் நாற்காலிகளில் அதுவும் ஒன்று.

அடுத்த முறை உங்கள் மகளோ தங்கையோ ஆடும் போட்டிக்குப் போனால், பந்தை மட்டும் பார்க்காதீர்கள். பெஞ்சில் திட்டம் வகுப்பவர் யார், தண்ணீர்ப் போத்தல் எடுத்துக் கொடுப்பவர் யார் என்றும் ஒரு பார்வை பாருங்கள். ஆடி முடித்த பிறகு தனக்கு அந்த இடத்தில் என்ன வேலை இருக்கிறது என்பதை, களத்தில் நிற்கும் பிள்ளையும் அங்கிருந்துதான் தெரிந்துகொள்கிறாள்.