காய்ச்சல் கொண்டுவரும் சேதி

குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் பெற்றோர் கலங்குவது இயல்பு. ஆட்டிசம் உள்ள குழந்தைகளைப் பெற்றவர்களில் சிலர் வேறு கதை சொல்கிறார்கள். உடம்பு கொதிக்கும்போது பிள்ளை முகம் பார்க்கிறான், கூப்பிட்டால் திரும்புகிறான். காய்ச்சல் விட்டதும் பழையபடி ஆகிவிடுகிறான். ஆசையில் சொல்வது என்று ஒதுக்கிவிடக்கூடிய பேச்சுதான். ஆனால் 2007ல் அமெரிக்க ஆய்வாளர்கள் 30 குழந்தைகளின் பெற்றோரிடம் காய்ச்சலின்போதும் அது விட்ட பிறகும் விவரம் கேட்டுப் பதிவு செய்தார்கள். 80 சதவீதத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் ஏதாவது ஒரு முன்னேற்றம் தெரிந்திருந்தது.

சந்தேகம் இப்போது நோய் எதிர்ப்பு மண்டலத்தின் மீது. இது பழைய சந்தேகம்தான். 1964ல் அமெரிக்காவில் ரூபெல்லா பரவியபோது கருவிலேயே பாதிக்கப்பட்டுப் பிறந்த 243 குழந்தைகளை மனநல மருத்துவர் ஸ்டெல்லா செஸ் ஆராய்ந்தார். அவர்களிடையே ஆட்டிசம் வழக்கத்தைவிடப் பல மடங்கு அதிகம் என்று 1971ல் எழுதினார். தாயிடம் பாசம் குறைந்ததே காரணம் என்று பெண்கள் பழி சுமந்துகொண்டிருந்த காலம் அது.

தவறு கிருமியுடையதா, அதை எதிர்க்கும் உடம்புடையதா? கலிபோர்னியாவில் பால் பேட்டர்சன் கர்ப்பிணி எலிகளுக்குக் கிருமியே இல்லாமல், கிருமி வந்துவிட்டது என்று உடம்பை ஏமாற்றும் பொருளைச் செலுத்தினார். பிறந்த குட்டிகள் மற்ற எலிகளிடமிருந்து ஒதுங்கின. செய்ததையே திரும்பத் திரும்பச் செய்தன. ஆக, தாயின் தற்காப்பே வினையாக முடியலாம். அதில் முக்கியப் பங்கு இன்டர்லூக்கின்-17ஏ என்ற புரதத்துக்கு என்று 2016ல் குளோரியா சோய், ஜுன் ஹு குழுவினர் கண்டார்கள்.

விநோதம் அடுத்துதான். அப்படிப் பிறந்து வளர்ந்த எலிகளின் எதிர்ப்புச் சக்தியைக் காய்ச்சலின்போது நடப்பதுபோல் தூண்டியதும் அவை மற்ற எலிகளோடு பழக ஆரம்பித்தன. காரணம் வெப்பம் அல்ல, அதே இன்டர்லூக்கின்-17ஏ. கருவில் கெடுத்தது, பின்னால் கைகொடுக்கிறது.

எலி குழந்தையாகிவிடாது. ஆட்டிசத்தில் மரபணுக்களின் பங்கு பெரியது. கர்ப்பத்தில் காய்ச்சல் கண்ட பெண்களில் மிகப் பெரும்பாலோருக்குப் பிறந்த குழந்தைகளுக்கு ஆட்டிசம் இல்லை. இதைச் சொல்லாமல் 'எதிர்ப்புச் சக்தியைச் சரிசெய்கிறோம்' என்று பணம் பறிப்பவர்களுக்குத்தான் பஞ்சமில்லை. காய்ச்சலை வரவழைப்பதும் சிகிச்சை அல்ல.

கையில் உறுதியாக இருப்பது ஒன்று: கர்ப்பத்தில் ரூபெல்லா வராமல் தடுக்க முடியும். எம்எம்ஆர் தடுப்பூசி ஆட்டிசத்தை உண்டாக்குகிறது என்று 1998ல் கிளம்பிய கட்டுரையை 'லான்செட்' இதழ் 2010ல் திரும்பப் பெற்றது. அந்த ஊசியில் உள்ள மூன்று தடுப்பு மருந்துகளில் ஒன்று, ரூபெல்லாவுக்கானது.