விதைக்கிறப்பவே விலை தெரியணும்

பெங்களூர்ல வேலை பார்க்கிற அக்கா மகன் போன வாரம் போன்ல கேட்டான். "ஏன் மாமா, விலையைச் சந்தை பார்த்துக்கும்னு விட்டுட்டா என்ன? அரசாங்கம் எதுக்கு நடுவுல?"

நல்ல கேள்விதான். அவனுக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதுறேன்.

எங்க ஏரியூர் பக்கம் குச்சிக்கிழங்கும் போடுவோம், ராகியும் போடுவோம். கிழங்குக்கு முழுக்க சந்தை விலைதான். நட்டுப் பத்து மாசம் காத்திருக்கணும். மாவு எத்தனை பாயிண்ட்னு ஆலையில பார்த்துக் காசு போடுவாங்க. பிடுங்கின கிழங்கு ரெண்டு மூணு நாள்ல கெட ஆரம்பிச்சிடும். வண்டியில ஏத்தினப்புறம் விலை பேச நமக்கு ஏது பலம்? ஜவ்வரிசி ஆலைக்காரங்க 1981-லேயே சேலத்துல சேகோசர்வ்னு கூட்டுறவு சங்கம் ஆரம்பிச்சு, அது மூலமா சரக்கை விக்கறாங்க. குறையா சொல்லலை. சந்தையில தனியா நின்னா அடிபடுவோம்னு முதலாளிகளுக்கே தெரிஞ்சிருக்கு. கிழங்கு போடற நாங்கதான் தனித்தனியா நிக்கிறோம்.

ராகி கதை வேற. 2023-ல இருந்து தர்மபுரி, நீலகிரி மாவட்ட ரேஷன் கடைகள்ல அரிசிக்குப் பதிலா கார்டுக்கு 2 கிலோ ராகி தர்றாங்க. அதுக்காக அரசாங்கமே விவசாயிகிட்ட நேரா கொள்முதல் பண்ணுது. ஆதரவு விலை 2022-23-ல குவிண்டாலுக்கு 3,578 ரூபாய், 2025-26-ல 4,886. வெளியில கூட கிடைச்சா வெளியில விக்கலாம், யாரும் தடுக்கறதில்லை. ஆனா அடிமட்ட விலை இதுன்னு தெரியறதால, வியாபாரியும் ரொம்பக் குறைச்சுக் கேக்க முடியாது.

பழைய கட்டுப்பாடு திரும்ப வரணும்னு நான் சொல்லலை. எங்கப்பா காலத்துல மாவட்டம் விட்டு மாவட்டம் அரிசி கொண்டுபோகவே தடை. செக்போஸ்ட்ல மூட்டையைப் பிரிச்சுப் பார்ப்பாங்களாம். அது வேண்டாம். ஆனா சீனாவுலகூட 1978-க்கு அப்புறம் கூட்டுப்பண்ணையை விட்டு நிலத்தைக் குடும்பங்களுக்குப் பிரிச்சுக் கொடுத்தப்ப, அரசாங்கம் ஒரே நாள்ல கையை விடலை. ஒரு பங்கை நிர்ணய விலைக்கு வாங்கிக்கிட்டு, மீதியைத்தான் சந்தைக்கு விட்டாங்க.

சந்தை வரட்டும். கீழ ஒரு தரை இருந்தாத்தான் நாங்க அதுல காலூன்றி நிக்க முடியும். கிழங்குக்கும் அப்படி ஒரு விலையை நடறதுக்கு முன்னாடியே சொல்லட்டும்.

மருமகன் கொஞ்ச நேரம் பேசலை. "எங்களுக்கு மாசச் சம்பளம் எவ்வளவுன்னு தெரிஞ்சுதானே மாமா வேலைக்கே சேர்றோம்"னான்.

அதேதான் சாமி. இந்த வருஷம் ஒரு ஏக்கர் கிழங்கைக் குறைச்சு ராகி விடறேன்.