காற்றுச் செடி என்னும் பொய்

ஒரு பெயர் ஓர் உயிரைக் கொல்லுமா? கொல்லும். 'காற்றுச் செடி' என்று நாற்றங்கால்களில் விற்கப்படும் தில்லாண்ட்சியாவே சான்று. ஆங்கிலப் பெயரை அப்படியே மொழிபெயர்த்துவிட்டு, "மண் வேண்டாம், நீர் வேண்டாம், காற்றே போதும்" என்று கைகாட்டிவிடுகிறார்கள். வாங்கியவர் அதைக் கண்ணாடிக் குமிழுக்குள் இட்டு, குளிர்பதன அறையில் தொங்கவிட்டு அழகு பார்க்கிறார். சில வாரங்களில் இலைகள் உட்புறமாகச் சுருள்கின்றன, நுனி கருகுகிறது. பழியோ, பாவம், நம் ஊர் வெயிலின் மேல்!

இந்தப் பிழையின் வயது அதிகம். பேரினத்துக்குப் பெயரிட்டவர் லின்னேயஸ். எலியாஸ் தில்லாண்ட்ஸ் என்ற தாவரவியலாளர் கடற்பயணத்தில் அல்லலுற்று, மீண்டும் கப்பலேற அஞ்சிப் பாத்னியா வளைகுடாவைச் சுற்றி நடந்தே ஊர் திரும்பினார் என்பது கதை. நீருக்கு அஞ்சியவரின் பெயரை, நீரை வெறுப்பதாகத் தாம் எண்ணிய செடிக்குச் சூட்டினார் அவர். நகைச்சுவை நன்று, தாவரவியல்தான் தவறு. இவை அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியவை. சிலியின் அட்டகாமா பாலையில் வாழும் இனங்கூடக் கடலிலிருந்து ஏறிவரும் மூடுபனியைப் பருகியே பிழைக்கிறது. வேர் வெறும் பிடிமானம். இலைமேல் வெண்பொடிபோல் தெரியும் நுண்செதில்களே நீரை உறிஞ்சுகின்றன. அதைத் தூசியென்று துடைத்தெடுக்கும் தூய்மை விரும்பிகளும் உளர்!

அடுத்த பொய், "நாளுக்கு ஒரு தெளிப்பு போதும்" என்பது. வறண்ட அறையில் அத்தெளிப்பு உறிஞ்சப்படுமுன் உலர்ந்துவிடும். வாரம் ஒருமுறை அரைமணி நேரம் முழுதாக நீரில் அமிழ்த்த வேண்டும், மழைநீர் உத்தமம். வாடிச் சுருண்ட செடியைச் சில மணி நேரம் ஊறவிடலாம். பிறகு தலைகீழாக உதறி, காற்றோட்டத்தில் நான்கு மணி நேரத்துக்குள் உலரச் செய்ய வேண்டும். இலையிடுக்கில் தேங்கும் நீர் அடியை அழுகச் செய்யும்; அடி கறுத்துக் குழைந்த செடிக்கு மருந்தில்லை. நீராட்டுவது காலையில் நடக்கட்டும். இச்செடிகள் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை ஏற்பது இரவில். நனைந்த இலை அதைத் தடுக்கும். செப்புக் கம்பியில் கட்டித் தொங்கவிடுவோர் நஞ்சூட்டுகிறார்கள் என்று மட்டும் சொல்லி நகர்கிறேன்.

"பெயரில் என்ன இருக்கிறது?" என்பார்கள். நம்மிடம் 'தொற்றுத் தாவரம்' என்ற பாடநூற்சொல் உண்டு. ஆனால் 2020-க்குப் பின் 'தொற்று' என்றாலே மக்கள் முகக்கவசத்தைத் தேடுவார்கள். 'புல்லுருவி' என்று அழைப்பதும் அநியாயம். அது தாங்கும் மரத்தின் சாற்றை உறிஞ்சுவது. தில்லாண்ட்சியா மரத்திடம் இடம் மட்டுமே கேட்கிறது. பட்டினப்பாலை மழைத்துளியையே உணவாகக் கொண்ட பறவையைக் குறிக்கிறது. மழை பொய்த்தால் அப்பறவை வாடும் என்பதையும் அதே மூச்சில் சொல்கிறது. அந்தப் புலவர் நம் விற்பனையாளரைவிட இயற்கையை அறிந்தவர். துளிக்குத் 'தளி' என்றொரு பழஞ்சொல் இருக்கிறது. 'தளிச்செடி' என்று எழுதித் தொங்கவிடுங்கள், வாங்குபவர், "எவ்வளவு தண்ணீர் விடவேண்டும்?" என்றாவது கேட்பார்.